சொந்த பிட்காயின் நோடு எதை மறைக்கும், எதைக் காட்டிக்கொடுக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் வாங்கிய பிட்காயினை ஹார்ட்வேர் வாலட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறீர்கள். இருப்பைப் பார்ப்பதும் அனுப்புவதும் அந்த வாலட்டோடு வந்த ஆப்பில்தான். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, 1 டிபி எஸ்எஸ்டி போட்ட பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் சொந்தமாக நோடு (பிட்காயின் பரிவர்த்தனைகளின் பொதுப் பேரேடான பிளாக்செயின் முழுவதையும் இறக்கித் தானே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டினால் தனியுரிமை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தெந்த முகவரிகள் என்னுடையவை என்று யாருக்குத் தெரிகிறது? நான் அனுப்பிய பரிவர்த்தனை எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று யாருக்குத் தெரிகிறது? என்னிடம் பிட்காயின் இருக்கிறது என்பதே யாருக்குத் தெரிகிறது? சொந்த நோடு முதல் ஓட்டையை நன்றாக அடைக்கும். இரண்டாவதை, கவனமில்லாமல் அமைத்தால், இப்போது இருப்பதைவிடப் பெரிதாக்கிவிடும். மூன்றாவதில் உங்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் போனில் பிளாக்செயின் இல்லை. ஆகவே இருப்பைக் காட்ட ஆப் யாரையாவது கேட்டாக வேண்டும்; வழக்கமாக அது தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். இத்தகைய ஆப்களில் பல, முகவரிகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் எக்ஸ்பப் எனப்படும் பொதுச் சாவியையே அனுப்பிவிடும். எக்ஸ்பப் கையில் இருந்தால் பணத்தை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் இதுவரை பயன்படுத்திய முகவரிகளை மட்டுமல்ல, இனிமேல் உருவாகப் போகும் முகவரிகளையும் கணக்கிட்டு எடுத்துவிடலாம். எலக்ட்ரம் வகை வாலட்கள் எக்ஸ்பப்பை அனுப்புவதில்லை. முகவரிகளின் ஹேஷ்களை, அதாவது முகவரியிலிருந்து கணக்கிட்ட குறியீடுகளை, அனுப்பும். பார்க்க நல்லதாகத் தோன்றும். ஆனால் பயன்படுத்திய முகவரிகளோடு, அடுத்து வரப்போகும் 20 காலி முகவரிகளையும் சேர்த்து ஒரே இணைப்பில் கேட்கும். ஒரே ஐபியிலிருந்து (இணைய இணைப்பின் முகவரி) ஒரே நேரத்தில் இத்தனை முகவரிகள் வந்தால் அவை ஒரே ஆளுடையவை என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சர்வருக்கு உங்கள் முகவரிகளும் ஐபியும் போய்ச் சேருகின்றன என்பது உறுதி. அது சேமித்து வைக்கப்படுகிறதா, யாருக்காவது விற்கப்படுகிறதா என்பதை வெளியில் இருக்கும் யாரும் சரிபார்க்க முடியாது. பொது எலக்ட்ரம் சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், கண்காணிப்பு நிறுவனம் உட்பட. இது வெறும் கற்பனை பயமில்லை. பிளாக்செயின் ஆய்வு நிறுவனமான செயினாலிசிஸ், வாலட்எக்ஸ்ப்ளோரர் என்ற தேடல் தளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அங்கே முகவரி தேடுகிறவர்களின் ஐபியைச் சேகரித்தது 2021இல் கசிந்த ஆவணங்கள் மூலம் செய்தியானது. எத்தீரியம் பக்கம் பாருங்கள்: மெட்டாமாஸ்க் வாலட்டில் இயல்பாக வரும் இன்ஃபூரா என்ற சர்வர் சேவை வழியாகப் பரிவர்த்தனை அனுப்பினால் ஐபியும் வாலட் முகவரியும் சேகரிக்கப்படும் என்று அவ்விரண்டையும் நடத்தும் கான்சென்சிஸ் நிறுவனமே 2022 நவம்பரில் தன் தனியுரிமைக் கொள்கையில் எழுதி வைத்தது. மொனெரோ என்ற இன்னொரு நாணயத்திலும் அடுத்தவர் நடத்தும் நோடோடு இணைந்தால் உங்கள் ஐபி அவருக்குத் தெரியும்.

சொந்த நோடு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. நோடு ஓட்டப் பயன்படும் மென்பொருளான பிட்காயின் கோர் (இனி கோர்) எல்லா பிளாக்குகளையும் எல்லோருக்கும் பொதுவாக இறக்குகிறது. உங்கள் முகவரி எது என்று வெளியே யாரிடமும் கேட்பதே இல்லை. தேடல் முழுக்க உங்கள் வட்டுக்குள் நடக்கிறது. யாரும் எதையும் கேட்காதபோது கசிய எதுவும் இல்லை. நோடு ஓட்ட ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

முழு நோடு வேண்டாம், இடைவழி இருக்கிறதா என்றும் கேட்கலாம். 2012இல் வந்த பிஐபி (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) 37 புளூம் ஃபில்டர் அப்படி ஒரு முயற்சி. அது முகவரிகளை மறைப்பதாகச் சொன்னதே தவிர, நடைமுறையில் எதிர் நோடு அவற்றை எளிதாகப் பிரித்தெடுத்துவிட முடிந்தது. கோர் 0.19இல் அந்தச் சேவையை இயல்பாக அணைத்தே வைத்துவிட்டார்கள். பிஐபி 158 ஃபில்டர் நல்ல வடிவம்: சர்வர் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சிறு சுருக்கம் தரும், வாலட் அதைத் தன்னிடத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தும் பிளாக்கை முழுதாக இறக்கிக்கொள்ளும். எந்த பிளாக்கை இறக்கினீர்கள் என்ற தடயம் மட்டும் மிஞ்சும். லேப்டாப்பை 24 மணி நேரமும் ஓட விட முடியாதவர்களுக்கு இது போதும்.

இனி இரண்டாவது கேள்வி. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் வாலட் இதுவரை அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பரிவர்த்தனையை வெளியிட்டது. வலைப்பின்னலில் இருப்பவர்களுக்கு அது அந்த சர்வரிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். சொந்த நோடு வந்தபின் அது உங்கள் வீட்டு ஐபியிலிருந்து கிளம்புகிறது. கோர் இயல்பாக 8 நோடுகளோடு வெளிநோக்கி இணைந்து பரிவர்த்தனைகளைப் பரிமாறும். இன்னும் 2 இணைப்புகள் பிளாக்குக்கு மட்டும். புதுப் பரிவர்த்தனையை எல்லோருக்கும் உடனே சொல்லாமல் தற்செயலான தாமதத்தோடு சொல்லும்: வெளிநோக்கிய இணைப்புகளுக்குச் சராசரியாக 2 விநாடி, உள்நோக்கி வந்தவர்களுக்கு 5 விநாடி. அடுத்தவர்களின் பரிவர்த்தனைகளும் உங்கள் நோடு வழியாக ஓயாமல் போய்க்கொண்டிருப்பதால் உங்களுடையது அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். ஆனாலும் ஆயிரக்கணக்கான நோடுகளோடு ஒரே நேரத்தில் இணைந்து, யார் முதலில் சொன்னார் என்று குறித்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு இந்தத் தாமதம் முழுத் தடை ஆகாது. லிங்கிங்லயன் என்று பெயரிடப்பட்ட ஒரு மர்மத் தரப்பு, உள்நோக்கிய இணைப்பை ஏற்கும் நோடுகளை எல்லாம் இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. இப்படிக் கிடைப்பது நிகழ்தகவுதான். 'இந்த ஐபியாக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு பரிவர்த்தனையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஐபியிலிருந்து பத்துப் பரிவர்த்தனை முதலில் வந்தால் கதை வேறு.

இணைய நிறுவனத்தின் பார்வை இன்னொரு வகை. பழைய முறையில் நோடுகளுக்கிடையே தகவல் மறையாக்கம் இல்லாமல்தான் போனது. உள்ளே வராத ஒரு பரிவர்த்தனை உங்கள் இணைப்பிலிருந்து வெளியே போனால் அது உங்களுடையது. இதில் நிகழ்தகவுக்கே வேலையில்லை. பிஐபி 324 மறையாக்கம் கோர் 26இல் விருப்பத் தேர்வாக வந்து, 2024 ஏப்ரலில் வெளியான 27இலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. ஆகவே சும்மா கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இப்போது உள்ளடக்கம் தெரியாது, எதிர்முனை நோடும் புதிய பதிப்பாக இருந்தால். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் யார் என்று அது உறுதிசெய்வதில்லை. நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் பேசுகிறவரைத் தடுக்காது. பிட்காயின் நோடுகள் பயன்படுத்தும் 8333 போர்ட், நாள் முழுக்க ஓடும் தரவு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரியாக வரும் ஏற்றம் என எல்லாம் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும். மூன்றாவது கேள்வியில் நஷ்டம் என்றேனே, அது இதுதான். சாதாரண வாலட் ஆப் இணைய நிறுவனத்துக்கு ஏதோ ஒரு தளத்தோடு பேசுவது போலத் தெரியும். நோடு 'இந்த வீட்டில் பிட்காயின் ஆள் இருக்கிறார்' என்று அறிவிக்கும். உள்நோக்கிய இணைப்பை ஐபி வழியாக ஏற்றால் இன்னும் மோசம்: பிட்நோட்ஸ் போன்ற தளங்கள் வலைப்பின்னலைத் துழாவி, எட்டக்கூடிய எல்லா நோடுகளின் ஐபி, நகரம், இணைய நிறுவனம் எல்லாவற்றையும் யாரும் பார்க்கும்படி பட்டியலிடுகின்றன.

நம்மூர் ஃபைபர் இணைப்புகளில் இந்தக் கடைசி ஆபத்து பாதி தானாகவே குறைந்துவிடுகிறது. பெரும்பாலானவை சிஜிநாட் என்ற, பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்புக்குப் பின்னால் இருப்பதால் ஐபிவி4இல் வெளியிலிருந்து யாரும் உங்கள் நோடை எட்ட முடியாது. ஐபிவி6இல் அப்படியில்லை. பல இணைப்புகளில் லேப்டாப்புக்கே பொது ஐபிவி6 முகவரி கிடைக்கும். ரவுட்டரின் ஃபயர்வால் திறந்திருந்தால் நேராக எட்டிவிடலாம். 'நாட் இருக்கிறது, கவலையில்லை' என்று சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தீர்வு டோர்: உங்கள் இணைப்பைப் பல இடைக்கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு ஐபியை மறைக்கும் வலைப்பின்னல். அமைப்புப் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன், கோரின் பிட்காயின்.கான்ஃப் அமைப்புக் கோப்பில் ஆங்கிலத்தில் இடுங்கள். டோர் சேவையை நிறுவியதும் அது 9050 போர்ட்டில் கேட்கும். கோப்பில் ப்ராக்ஸி=127.0.0.1:9050 (127.0.0.1 என்பது அதே கணினி) என்று ஒரு வரி போட்டால் வெளிநோக்கிய இணைப்புகள் எல்லாம் டோர் வழியாகப் போகும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி டோர் பாதை எடுப்பது இயல்பாகவே இயங்கும், அதைத் தொட வேண்டாம். ஒன்லிநெட்=ஆனியன் என்று சேர்த்தால், டோருக்குள் மட்டும் இயங்கும் ஆனியன் முகவரி கொண்ட நோடுகளோடு மட்டும் இணையும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்லிநெட் என்பது நீங்கள் வெளியே இணைவதை மட்டும்தான் கட்டுப்படுத்தும். உள்ளே வருகிறவர்களைத் தடுக்காது. அதற்கு பைண்ட்=127.0.0.1 என்ற வரி வேண்டும். நாட்பிஎம்பி=0 என்றும் எழுதிவிட்டால் ரவுட்டரில் தானாகப் போர்ட் திறக்கும் வேலையும் நடக்காது.

அடுத்த பொறி இதற்கு நேர் எதிர். பைண்ட் வரி இல்லாமல் ப்ராக்ஸி வரியை மட்டும் போட்டால், தனியுரிமைக்காக கோர் தானாக லிசன்=0 என்று ஆகிவிடும், அதாவது உள்ளே வரும் இணைப்பு எதையும் ஏற்காது. நோடு மட்டும் ஓட்டினால் பிரச்சினையில்லை. ஆனால் வாலட்கள் கேட்பதற்குப் பதில் தர முகவரிகளை அட்டவணைப்படுத்தும் எலக்ட்ர்ஸ் சர்வரை மேலே நிறுவியிருந்தால் அது பிளாக்குகளை 127.0.0.1:8333 வழியாகத்தான் கோரிடமிருந்து எடுக்கிறது. நேற்று வரை ஓடிய எலக்ட்ர்ஸ், டோர் அமைத்த அன்று இணைப்பு மறுக்கப்பட்டது என்று சொல்லி நின்றுவிடும். லிசன்=1 என்று வெளிப்படையாக எழுதி, பைண்ட் வரியையும் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். கூடவே லிசன்ஆனியன்=0 என்று எழுதி, ஆனியன் முகவரியில் உள்நோக்கிய இணைப்பை ஏற்கும் வசதியை அணைக்கச் சொல்வேன். உங்கள் நோடுக்கு நிலையான ஆனியன் முகவரி ஒன்று இருந்தால், அதனோடு இணைந்திருப்பவர் உங்கள் ஐபியை அறியாவிட்டாலும், 'இந்த ஆனியனிலிருந்து இந்த நான்கு பரிவர்த்தனை முதலில் வந்தன' என்று ஒரு புனைபெயருக்குக் கீழே அவற்றைச் சேர்த்து வைக்க முடியும். வலைப்பின்னலுக்கு உதவ உள்நோக்கிய இணைப்பைத் திறந்து வைப்பது நல்ல காரியம்தான். அதை உங்கள் பணம் புழங்கும் நோடில் செய்ய வேண்டாம்.

அமைத்ததும் சரிபாருங்கள். பிட்காயின்-சிஎல்ஐ -நெட்இன்ஃபோ என்று கொடுத்தால் ஒரு சிறு அட்டவணை வரும்: ஐபிவி4, ஐபிவி6, ஆனியன் என்று பத்திகள், உள், வெளி, மொத்தம் என்று வரிசைகள். ஒன்லிநெட்=ஆனியன் போட்ட நோடில் வெளி வரிசையில் ஆனியன் பத்தியில் மட்டும் எண் இருக்க வேண்டும், பெரும்பாலும் 10. ஐபிவி4இல் 1 என்று இருந்தாலும் குறிப்பிட்ட நோடைக் கைமுறையாகச் சேர்க்கும் ஆட்நோட் வரி எங்கோ ஒன்று மிச்சமிருக்கிறது என்று பொருள். லிசன்ஆனியனைத் திறந்து வைத்திருப்பவர்கள் இணைந்திருப்பவர்களைப் பட்டியலிடும் கெட்பியர்இன்ஃபோவைப் பார்த்து, உள்ளே வந்தவர்கள் எல்லாம் 127.0.0.1 என்று காட்டுகிறதே, லேப்டாப்பில் ஏதோ புகுந்துவிட்டது என்று பதறுவதுண்டு. டோர் உங்கள் கணினியிலிருந்தே அந்த இணைப்பை ஒப்படைப்பதால் அப்படித்தான் தெரியும்.

டோரிலும் விலை உண்டு. ஆனியன் முகவரி உருவாக்கக் காசு செலவில்லை; ஒருவரே ஆயிரம் உருவாக்கலாம். ஐபி முகவரிகளில் அப்படிக் குவிப்பது கடினம், அதனால்தான் கோர் வேறு வேறு வலைத்தொகுதிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனியன் மட்டும் என்று அடைத்துக்கொண்டால் உங்கள் இணைப்புகள் எல்லாம் ஒரே எதிரியின் கையில் விழும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி நடந்தாலும் போலி பிளாக்கை ஏற்க வைக்க முடியாது, வேலைச்சான்று (பிளாக்கை உருவாக்கச் செய்த கணக்கீட்டுக்கான சான்று) இல்லாததை உங்கள் நோடு தூக்கிப் போட்டுவிடும். புது பிளாக்குகளை மறைக்கலாம், உங்கள் பரிவர்த்தனையை விழுங்கலாம், அவ்வளவுதான். பெரிய தொகை வரவேண்டிய நேரத்தில் அது சிறிய விஷயமில்லை. நடுவழி என்றால் ஒன்லிநெட் வரியை விட்டுவிட்டு ப்ராக்ஸியை மட்டும் வைப்பது: ஆனியன் நோடுகளோடும், டோர் வெளியேற்றப் புள்ளிகள் வழியாக ஐபிவி4 நோடுகளோடும் கலந்து இணையும். டோர் போன்ற இன்னொரு மறைவலையான ஐ2பியை நிறுவி ஐ2பிசாம்=127.0.0.1:7656 என்று சேர்த்தால் மூன்றாவது வலையும் கிடைக்கும். என் தேர்வு இந்தக் கலவைதான். டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; எதற்கு என்பதுதான் தெரியாது.

முதல் சிங்க்கை, அதாவது பிளாக்செயின் முழுவதையும் முதன்முறை இறக்குவதை, டோர் வழியாகவே செய்தால் பல நாள் இழுக்கும். முதல் முறை நேரடி இணைப்பில் இறக்கிவிட்டு, வாலட் எதையும் ஏற்றாமல், பிறகு டோருக்கு மாற்றுவது வழக்கம். இணைய நிறுவனத்துக்கு ஒருமுறை தெரிந்துவிடும். அதைப் பொருட்படுத்துபவர் பொறுமையாக டோரிலேயே இறக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் டிபிகேஷ் அளவை (கோர் பயன்படுத்தும் நினைவகம், எம்பியில்), 8 ஜிபி ராம் இருந்தால், 4000க்கு ஏற்றுங்கள், முடிந்ததும் பழையபடி இறக்குங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் லேப்டாப்பின் பேட்டரி ஒரு வரம், ஆனால் பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் செயின்ஸ்டேட் என்ற கோரின் தரவுத்தளம் கெட்டு, ரீஇன்டெக்ஸ்-செயின்ஸ்டேட் கொடுத்து மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ரவுட்டருக்குப் போடும் சிறு யுபிஎஸ் இதற்குப் போதாது, பேட்டரியை மாற்றுங்கள்.

இப்போது உங்கள் 1 டிபி. பிளாக்செயின் 600 ஜிபியைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது, கோரின் அன்டூ கோப்புகளும், செலவாகாத காயின்களின் பட்டியலான யூடிஎக்ஸ்ஓ தொகுப்பும் தனி. ஆண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 ஜிபி கூடுகிறது. 1 டிபி என்று விற்கும் வட்டில் கையில் கிடைப்பது சுமார் 931 ஜிபிதான். முழு நோடு மட்டும் இன்றைக்கு எப்படியோ அடங்கும்; எலக்ட்ர்ஸ் அட்டவணையும் சேர்ந்தால் மூச்சு முட்டும். எலக்ட்ர்ஸுக்கு மாற்றான ஃபல்க்ரம் அதைவிட அதிக இடம் கேட்கும். வட்டு நிரம்பினால் கோர் தானாக நின்றுவிடும். அதனால் எலக்ட்ர்ஸ் வேண்டுமென்றால் 2 டிபி வாங்குங்கள். வேண்டாமென்றால் ப்ரூன் செய்யுங்கள், அதாவது பழைய பிளாக்குகளைக் கழித்து இடத்தை மிச்சப்படுத்துங்கள். ப்ரூன் செய்த நோடும் எல்லா பிளாக்குகளையும் சரிபார்த்துவிட்டுத்தான் பழையதைக் கழிக்கிறது. முகவரி கசியாமல் இருப்பதில் முழு நோடுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ப்ரூன்=550 (எம்பியில்) என்பது குறைந்தபட்சம். ப்ரூன்=200000 என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு பிளாக்குகள் கையில் இருக்கும்.

ப்ரூன் நோடின் ஆபத்து வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. கழித்துவிட்ட பிளாக்குகளில் உங்கள் பழைய பரிவர்த்தனை இருந்தால் ரீஸ்கேன் செய்து, அதாவது மறுபடி தேடி, எடுக்க முடியாது. 'சரி, இந்த ஒருமுறை மட்டும் பொது சர்வரில் பார்த்துக்கொள்வோம்' என்று போவார்கள். அந்த ஒருமுறையிலேயே எல்லா முகவரிகளும் போய்விடும், அதற்குப் பிறகு நோடு ஓட்டி என்ன பயன்? இரண்டு வழிகள் உண்டு. சிங்க் தொடங்கும் முன்பே வாலட்டின் டிஸ்க்ரிப்டர்களை (அதன் முகவரிகள் எவை என்று விவரிக்கும் வரிகள்) கோரில் பார்வைக்கு மட்டுமான வாலட்டாக ஏற்றிவிட்டால், பிளாக்குகள் வர வர உங்களுடையதைக் குறித்துக்கொண்டு, பிறகு கழிக்கும். காலம் கடந்துவிட்டதென்றால் ஸ்கேன்டிஎக்ஸ்அவுட்செட் என்ற கட்டளை இருக்கிறது. டிஸ்க்ரிப்டரையும், 0 முதல் 1000 வரை என்பது போல ஒரு வரம்பையும் கொடுத்தால், இப்போது செலவாகாமல் இருக்கும் காயின்களை யூடிஎக்ஸ்ஓ தொகுப்பில் தேடிச் சில நிமிடங்களில் தொகையோடு தந்துவிடும். பழைய வரலாறு வராது, இருப்பு வரும். பெறும் முகவரிக்கு ஒரு டிஸ்க்ரிப்டர், மீதிச் சில்லறை முகவரிக்கு இன்னொன்று என இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பாதிப் பணம் காணாமல் போனதுபோலத் தெரியும்.

ஹார்ட்வேர் வாலட்டை இந்த நோடோடு இணைக்க ஸ்பாரோ போன்ற மேசைக்கணினி வாலட் வசதி. நேராக கோரோடும் இணையும், உங்கள் சொந்த எலக்ட்ர்ஸோடும் இணையும். இவ்விரண்டுக்கும் ஒரு நுண்ணிய வித்தியாசம்: கோரோடு இணைத்தால் உங்கள் டிஸ்க்ரிப்டர்கள் நோடில் ஒரு வாலட்டாக, பூட்டில்லாமல் எழுதப்படும். ஸ்பாரோ கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும், லேப்டாப் களவு போனால் எடுத்தவருக்கு உங்கள் இருப்பு முழுவதும் தெரியும். எலக்ட்ர்ஸ் எல்லோருடைய முகவரிகளையும் அட்டவணைப்படுத்துகிறது, உங்களுடையது எது என்று வட்டில் தனியாகக் குறிப்பதில்லை. கோர் வழி என்றால் லினக்ஸ் நிறுவும்போதே முழு வட்டு மறையாக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஸ்பாரோவில் இன்னும் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள்: கட்டண மதிப்பீட்டை வெளித் தளத்திலிருந்து எடுக்காமல் உங்கள் சர்வரிலிருந்து எடுக்கும்படியும், நாணய மதிப்புக் காட்டும் வசதியை அணைத்தும் வையுங்கள். நிறுவனத்தின் ஆப்பை அதே கணினியிலும் போனிலும் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்து சாதனத்தைச் செருகினால் பழையபடி எக்ஸ்பப் போய்விடும். ஃபர்ம்வேர் புதுப்பிக்க அதைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் கணக்குகளைச் சேர்க்காமல் புதுப்பித்துவிட்டு மூடுங்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை. தரவை மிச்சப்படுத்த சிலர் பிளாக்ஸ்ஒன்லி=1 என்று வைப்பார்கள். அந்த நோடு அடுத்தவர் பரிவர்த்தனை எதையும் கடத்துவதில்லை. ஆகவே அதிலிருந்து ஒரு பரிவர்த்தனை வெளியே வந்தால் அது உங்களுடையது என்பதில் யாருக்கும் ஐயமே இருக்காது. ஆளில்லாத தெருவில் நின்று கூவுவது போல. தரவு வரம்புதான் கவலை என்றால் மேக்ஸ்அப்லோட்டார்கெட் வைத்துப் பதிவேற்றத்தைக் கட்டுப்படுத்துங்கள். உள்நோக்கிய இணைப்பு இல்லாத நோடுக்கு அதுவும் தேவைப்படாது. அடுத்தது மறுஅறிவிப்பு. கட்டணம் குறைவாக வைத்து உறுதியாகாமல் நிற்கும் பரிவர்த்தனையை கோர் வாலட் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் மறுபடி அறிவிக்கும். எல்லோரும் மறந்துபோன பரிவர்த்தனையைத் திரும்பத் திரும்ப ஒரே நோடு நினைவூட்டினால் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும். வாலட்பிராட்காஸ்ட்=0 என்று வைத்து இதை நிறுத்தலாம்; பிறகு நீங்களே வெளியிட வேண்டும். இன்னும் எச்சரிக்கையாக இருக்க நினைப்பவர்கள், கையொப்பமிட்ட பரிவர்த்தனையின் ஹெக்ஸ் வரியை டோர் பிரவுசரில், ஆனியன் முகவரி உள்ள ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரின் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்) வெளியீட்டுப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். சில விநாடியில் அது உங்கள் நோடுக்கே அடுத்தவர் பரிவர்த்தனை போல வந்து சேரும். ஒட்டியபின் 'உறுதியாச்சா' என்று அதே தளத்தில் நாலு தடவை போய்ப் பார்க்காதீர்கள். வழக்கமான பிரவுசரில் எக்ஸ்ப்ளோரர் பார்க்கும் பழக்கம் ஒன்றே, நோடு ஓட்டும் பலருடைய உழைப்பையும் வீணாக்குகிறது.

போனில் இருப்பு பார்க்க வேண்டுமென்றால் சிஜிநாட் காரணமாகப் போர்ட் திறந்துவிடும் வழி பெரும்பாலும் நடக்காது, நடந்தாலும் செய்ய வேண்டாம். எலக்ட்ர்ஸின் 50001 போர்ட் மறையாக்கம் இல்லாதது. நோடுக்குக் கட்டளையிடும் 8332 என்ற ஆர்பிசி போர்ட்டை இணையத்துக்குத் திறப்பது பைத்தியக்காரத்தனம். எலக்ட்ர்ஸுக்கு டோரில் ஒரு மறைசேவை அமைத்து, அந்த ஆனியன் முகவரியைப் போன் வாலட்டில் சொந்த சர்வராகக் கொடுக்கலாம், அல்லது வயர்கார்ட் வகை விபிஎன் வைத்து வீட்டுக்குள் வரலாம். இரண்டாவதற்குப் பொது ஐபி உள்ள ஒரு இடைப்புள்ளி தேவைப்படும். போன் வாலட்டில் சொந்த சர்வர் கிடைக்காதபோது பொது சர்வருக்குத் தானாகத் தாவும் வசதி இருந்தால் அதை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டில் மின்சாரம் போன அரை மணி நேரத்தில் அது தாவிவிடும்.

நோடு தொடவே முடியாத இடமும் இருக்கிறது. பரிவர்த்தனைகள் எல்லாம் பொதுப் பேரேட்டில் என்றைக்கும் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் உங்கள் பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறது. எந்த முகவரிக்கு எடுத்தீர்கள் என்பதும் அவர்கள் பதிவில் உண்டு. 2023 மார்ச் முதல் இந்திய எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2022 ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ் பிடிக்கிறார்கள், அதனால் நீங்கள் விற்பது வருமான வரித்துறைக்குத் தெரியும். ஆதாயத்துக்கு 30 சதவீத வரியும் உண்டு. நோடு இதையெல்லாம் மறைப்பதற்கான கருவியல்ல. முன்பின் தெரியாத சர்வர் நடத்துநரும், தரவு வியாபாரியும், கசிந்த பட்டியலை வாங்கும் திருடனும் உங்கள் இருப்பைப் பார்க்காமல் இருக்கத்தான் இது. அதேபோல இரண்டு காயின்களை ஒரே பரிவர்த்தனையில் உள்ளீடாகச் சேர்த்தால் இரண்டும் ஒருவருடையது என்று எந்த ஆய்வாளரும் எடுத்துக்கொள்வார். அதற்கு மருந்து நோடில் இல்லை, எந்தக் காயினைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் காயின் கன்ட்ரோலில் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் கடைசியாக ஒன்று. இப்போதைய கணக்கின் எக்ஸ்பப் ஏற்கெனவே நிறுவனத்தின் சர்வருக்குப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளை நோடு அமைத்தாலும் அதே கணக்கைத் தொடர்ந்தால் புது முகவரிகளும் அவர்களால் கணக்கிடக்கூடியவைதான். வாலட்டை மீட்க உதவும் அதே விதைச் சொற்களில் இன்னொரு கணக்கு, அதாவது (எண்கள் 0இல் தொடங்குவதால்) கணக்கு எண் 1, உருவாக்கி, அதை ஸ்பாரோவில் மட்டும் ஏற்றுங்கள். ஒரு கணக்கின் எக்ஸ்பப்பிலிருந்து இன்னொரு கணக்கின் எக்ஸ்பப்பைக் கணக்கிட முடியாது. இனி வாங்குவதை அங்கே பெறுங்கள். நிறுவனத்தின் ஆப்பை மறுபடி திறந்தால் சில ஆப்கள் அடுத்த கணக்கையும் தானாகத் தேடும் என்பதால், பாஸ்ஃபிரேஸ் (விதைச் சொற்களோடு சேர்க்கும் கூடுதல் இரகசியச் சொல்) சேர்த்த தனி வாலட்டாக உருவாக்குவது இன்னும் பாதுகாப்பு. பாஸ்ஃபிரேஸை மறந்தால் பணம் போனதுதான் என்பதால் விதைச் சொற்களிலிருந்து தள்ளி வேறிடத்தில் எழுதி வையுங்கள். பழைய கணக்கில் இருப்பதை அவசரப்பட்டு மொத்தமாக ஒரே பரிவர்த்தனையில் புதியதற்கு மாற்றாதீர்கள். அது எல்லாக் காயின்களையும் ஒன்றாகக் கட்டி, புது முகவரி யாருடையது என்பதையும் பேரேட்டில் எழுதிவிடும். பழையதைப் பழைய கணக்கிலேயே, சொந்த நோடு வழியாகப் பார்த்துக்கொண்டு விட்டுவைத்து, விற்கவோ செலவழிக்கவோ வேண்டியபோது முதலில் அதிலிருந்து எடுங்கள்.